நெஜமாத்தான் கேக்கறீங்களா?

திருத்தணியில் இருக்கும் எங்கள் கல்யாண மண்டபத்துக்கு அவர் வந்தது ஆனி மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. அவரைக் கேட்டால் புதன்கிழமை என்பார். மண்டபப் பதிவேடு என் கையெழுத்தில் இருக்கிறது. அதில் வியாழன் என்றுதான் உள்ளது. அவரைப் பற்றி அடித்துச் சொல்லக்கூடியவற்றில் அதுவும் ஒன்று என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

சாமான் வண்டியிலிருந்து இறங்கியவரிடம் வழக்கம்போல, "டீ சாப்டறீங்களாம்மா?" என்றேன். கையிலிருந்த கயிற்றுச் சுருளைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நெஜமாத்தான் கேக்கறீங்களா சார்? இல்ல, கேக்கணுமேன்னு கேக்கறீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். மண்டபத்துக்குச் சாமான் கொண்டுவரும் எல்லோரையும் அப்படிக் கேட்பதுண்டு. யாரும் வேண்டும் என்று சொன்னதில்லை. நானும் வாங்கிக் கொடுத்ததில்லை.

"நெஜமாத்தான்" என்றேன்.

"அப்ப சக்கர கம்மியா ஒண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி கயிற்றைத் தூக்கினார். மலைப்படி ஓரத்துக் கடைவரை நடந்துபோய் வாங்கி வந்தேன். அன்றிலிருந்து நான் யாரையும் சும்மா டீ கேட்பதில்லை.

நாற்பது வயதை ஒட்டியிருக்கும். மெலிந்த உடம்பு. புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் டார்ச் விளக்கு. சொந்த ஊர் அம்மையார்குப்பம். எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். ஆனால் அவர் வந்தது அங்கிருந்து அல்ல. இரண்டு வருடமாக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கூடாரத்தோடு வந்திருந்தார்.

அந்தக் கூடாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலியாகக் கிடக்கும். ஆடிக்கிருத்திகைக்கோ ஊர் கொள்ளாத கூட்டம் வரும். இரண்டையும் கணக்குப் போட்டு ஒரு சென்னைக் கம்பெனிக்காரர் மண்டபத்தை அந்த மாதத்துக்கு எடுத்துக்கொண்டார். மோட்டார் வைத்துக் காற்றடித்தால் கறுப்புத் துணி எழும்பி, கவிழ்த்த பெரிய இட்லிப் பானை மாதிரி நிற்கும். துணிக் குகை வழியாகக் குனிந்து உள்ளே போனால் ஜமக்காளம் விரித்திருக்கும். நடுவில் இருக்கும் கருவி தலைக்கு மேல் வளைவு முழுக்கப் படம் காட்டும். பக்கவாட்டில், பின்னால், உச்சியில், எங்கே திரும்பினாலும் வானம்தான். ஊரில் அதற்குப் பெயர் பலூன். "பலூனுக்குப் போனியா?" என்றுதான் பேச்சு.

அதில் வெறுமனே படம் பார்த்துவிட்டு வர முடியாது. ஆளுக்கொரு சின்னப் பெட்டி கொடுப்பார்கள். பச்சை, மஞ்சள், நடுவில் சற்றுப் புடைத்த சிவப்பு என்று மூன்று பொத்தான்கள். கப்பல் ஆகாயத்தில் போகும்போது, 'சனியின் வளையத்துக்குப் போகலாமா, வியாழனின் நிலவுக்குப் போகலாமா?' என்று ஒரு குரல் கேட்கும். பச்சையோ மஞ்சளோ அழுத்தினால், கூடாரத்தின் விளிம்பில் நம் தலைக்கு நேர் மேலே அதே நிறத்தில் ஒரு புள்ளி எரியும். எது அதிகமோ அங்கே கப்பல் திரும்பும். சிவப்பு மட்டும் எந்நேரமும் வேலை செய்யும். தலைசுற்றல் வருகிறவர்களுக்காக வைத்தது. பாதிப் பேருக்கு மேல் சிவப்பை அழுத்தினால் பயணம் முடிந்து கீழே இறங்கிவிடும்.

முடிவு சொல்ல கம்பெனி வைத்த நேரம் பத்து விநாடி. கணினியில் உட்கார்ந்து கூடாரத்தை ஓட்டியவர் அவர்தான். ஒரு விசையை விரலால் அழுத்திப் பிடித்து அந்த நேரத்தை நிறுத்தி வைப்பார். கடைசிப் புள்ளி எரியும்வரை கப்பல் ஆகாயத்தில் அப்படியே நிற்கும்.

"இன்னும் ஒருத்தர் சொல்லல. பதினேழாம் நம்பர் யாரு? தூங்கிட்டீங்களா?"

"தூங்கலம்மா. யோசிச்சிகினு கீறேன்" என்றது இருட்டில் ஒரு பெரியவர் குரல். கே.ஜி.கண்டிகையில் நிலம் வைத்திருப்பவர், எனக்குத் தெரிந்தவர்தான்.

"யோசிங்க நைனா, அவசரமில்ல."

"யோவ், இன்னாய்யா பொண்ணா பாக்குற? சனியா வியாழனா, சொல்லித் தொலையேன்!" என்றது இன்னொரு குரல்.

"ரெண்டுல எது திரும்பி வர்றதுக்குக் கிட்டன்னு பாக்குறேன். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டணும்ல?"

கூடாரமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "வியாழன்தான் நைனா கிட்ட" என்று பொறுப்பாகப் பதில் சொன்னார். மஞ்சள் புள்ளி எரிந்தது.

அவருடைய இந்தக் குணம் கூடாரத்துக்குள் மட்டும் இருந்திருந்தால் எனக்குத் தொல்லை இல்லை. வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, ஆனியின் கடைசி விசேஷமாக மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம். இரண்டு பக்கமும் தறி வைத்திருக்கும் குடும்பங்கள். மேடைக்குப் பக்கத்தில் மின் இணைப்பைப் பார்க்க அவர் நின்றிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்த புடவையைக் காட்டி, "புடிச்சிருக்காம்மா?" என்று பெண்ணைக் கேட்டார். பெண் தலையை ஆட்டியது. எல்லோரும் சந்தோஷமாக அடுத்த வேலைக்குத் திரும்பினார்கள்.

"தலய இப்பிடி ஆட்டிச்சே, அது ஆமாவா இல்லையாங்க?" என்றார் அவர், ஒயரைக் கையில் பிடித்தபடியே. "வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க."

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். பெண்ணின் அப்பா தன் மச்சானைப் பார்த்து, "இன்னா பாவா இது, ஒயர் புடிக்க வந்தவங்கல்லாம் சம்பந்தம் பேசறாங்க!" என்று எகிறினார். நான் ஓடினேன். அதற்குள் அந்தப் பெண், "கலர் புடிக்கல அத்த" என்று சொல்லிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா புடவையை ஒரு தரம் பார்த்தார், பெண்ணை ஒரு தரம் பார்த்தார். "எனக்குந்தான் புடிக்கல. கடைக்காரன் தலையில கட்டிட்டான். மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்றார். புடவை மாறியது, நிச்சயம் நடந்தது. ஆனாலும் மண்டபத்துக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதே. அவரைத் தனியே அழைத்துக் கண்டித்தேன்.

"விசேஷத்துல கேக்கறதெல்லாம் ஒரு மொறைக்குக் கேக்கறதும்மா."

"அப்ப எதத்தான் சார் நெஜமா கேப்பாங்க?"

பதிவேட்டில் எழுத வேண்டியது இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

ஆடி முதல் ஞாயிறு, கூடாரத்தின் முதல் காட்சி. அன்று நடந்த தவறு எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக்கூடியது. உள்ளூர்க்காரர்களைக் கவர்வதற்காகக் கம்பெனிக்காரர் ஆரம்பத்தில் எங்கள் மலையைக் காட்டியிருந்தார். விளக்கு அணைந்ததும் சுற்றிலும் அந்தி, நடுவே மலை, உச்சியில் விளக்கேற்றிய கோபுரம். பிறகு கோபுரத்துக்குப் பின்னாலிருந்து நட்சத்திரங்கள் எழும்பும். மலையேறி இறங்கி வந்த கூட்டம் அதைக் கண்டால் என்ன செய்யும்? மொத்தப் பேரும் "அரோகரா!" என்று குரல் கொடுத்துக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்கள். கையில் பெட்டி இருந்தது. குவித்த இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே புடைத்த சிவப்புப் பொத்தான் நன்றாக அழுந்தியது.

விளிம்பு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். 'பெரும்பான்மையினரின் விருப்பப்படி பயணம் இத்துடன் நிறைவடைகிறது. நன்றி' என்றது பதிவுசெய்த குரல். விளக்கு எரிந்தது.

"இன்னாடா இது, ஏத்தறதுக்குள்ள எறக்கிட்டான்!" என்று ஒருவர் எழுந்து நின்றார்.

அவர் கணினியை விட்டுவிட்டுக் கூட்டத்தின் நடுவே வந்தார். கும்பிட்ட கைகளையும் கைக்குள் இருந்த பெட்டிகளையும் பார்த்தார். புரிந்துகொண்டார். "யாரும் எறங்கணும்னு சொல்லல. நீங்க கும்பிட்டீங்க, மிஷினு அத ஓட்டுன்னு எடுத்துகிச்சு. மறுபடி போடறேன்" என்றார். அன்றிலிருந்து காட்சிக்கு முன் ஓர் அறிவிப்பு உண்டு: "பொட்டிய மொதல்ல மடியில வைங்க. கும்பிட்டு முடிங்க. அப்புறம் கையில எடுங்க." மலை தெரியும் இடத்தில் படத்தைச் சற்று நேரம் நிறுத்தியும் வைத்தார். அந்த நிறுத்தம் வீண் என்று கம்பெனிக்காரர் ஒருநாள் வெட்டினார். மறுநாள் அது திரும்ப இருந்தது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சொன்னார். காட்சி இல்லை. ஈரத்துணியால் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ்ல ஒரு பெரிய கடையில துடைக்கிற வேல பாத்தேன் சார். வெளிய போற வழியில ஒரு கம்பம் நிக்கும். சிரிக்கிற மூஞ்சி, சும்மா இருக்கிற மூஞ்சி, அழுவுற மூஞ்சின்னு மூணு பொத்தான். கடை எப்பிடி இருந்துச்சுன்னு அமுத்திட்டுப் போவணும். ஒரு பெரியவரு அழுவுற மூஞ்சிய அமுத்தி அமுத்திப் பாத்துகினு நின்னாரு. யாராவது வந்து இன்னா கொறன்னு கேப்பாங்கன்னு அவருக்கு நெனப்பு. அவரு போனப்புறம் கம்பத்த நவுத்தித் துடைச்சேன். பிளக்கு தரையில கெடக்குது சார். தூசியப் பாத்தா கம்பம் வச்ச நாள்லேருந்து சொருவவே இல்ல."

"அதுக்காக இவ்ளோ கோவமா?"

"அவங்க மேல கோவம் இல்ல சார். நானும் அதான் பண்ணேன்" என்றார்.

அவருக்கு ஒரு மகள். அப்போது பதினொன்றாம் வகுப்பு. கணவர் காலமான பிறகு மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுத்தான் இந்தக் கூடார வேலைக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, "அம்மா வெளியூர் வேலைக்குப் போவட்டுமா?" என்று மகளைக் கேட்டிருக்கிறார்.

"பையக் கட்டி வாசல்ல வச்சிட்டுக் கேட்டேன் சார். பையப் பாத்துச்சு, என்னப் பாத்துச்சு, 'ஆங்'னுச்சு. அதுக்கப்புறம் எங்கிட்ட அது பேசறதெல்லாம் 'ம்' மட்டுந்தான்."

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மகளுக்குப் போன் செய்வார். 'சாப்டியா' என்று அவர் கேட்டு நான் கேட்டதே இல்லை. "இன்னிக்கு பஸ்ல ஜன்னலோரம் கெடச்சிதா?" என்பார். "அந்த வாத்தியாரு இன்னும் கரும்பலகையப் பாத்தே பேசிகினு கீறாரா?" என்பார். பிறகு காதில் போனை வைத்தபடி காத்திருப்பார். பலூன் நிற்பது ஒரு பஸ் தூரத்தில். அந்தப் பெண் ஒருநாளும் பார்க்க வரவில்லை.

ஆடி முடியப்போகும் சமயம் அது. இந்தப் பக்கத்தில் சில பள்ளிகள் நடத்தும் ஓர் அறக்கட்டளை கூடாரத்தையே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அவர்கள் எடுத்தால் கூடாரமும் அதை ஓட்டுகிறவரும் திருத்தணியிலேயே இருப்பார்கள், தினமும் அம்மையார்குப்பம் போய் வரலாம். எடுக்காவிட்டால் அடுத்த வாரம் கூடாரம் வடக்கே வேறு மாநிலத்துக்குப் போகும், அவரும் போக வேண்டும். அவர் என்னிடம் அதிகம் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கப் பெட்டிகளை மட்டும் இரண்டு முறை துடைத்தார்.

கிருத்திகை முடிந்து வந்த புதன்கிழமை. மணவூர்ப் பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அறக்கட்டளைத் தலைவி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். நாற்காலி வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு நடுவே ஜமக்காளத்திலேயே உட்கார்ந்தார். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் பார்க்க வேண்டும் என்பதால் நான் கணினிக்குப் பக்கத்தில் நின்றேன். அதனால்தான் கம்பெனிக்காரர் கணினியில் இருந்த அவரிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

"இன்னிக்கு மேனுவல்ல போட்டுடும்மா. புள்ளி எரியட்டும், எதை அமுத்தினாலும் நேரா சனிக்குப் போயிடு. அந்த வளையத்தப் பாத்தாலே மயங்கிடுவாங்க."

"அப்ப கேள்விய எடுத்துடறேன் சார். நாம சனிக்குப் போறோம்னு சொல்லிட்டே போறேன். அதுல தப்பில்ல."

"கேள்விதாம்மா நம்ம சரக்கே! அதப் பாக்கத்தானே வந்திருக்காங்க?"

"அப்ப நெஜமாத்தான் கேப்பேன்" என்றார் அவர்.

விளக்கு அணைந்தது. மலை தெரிந்தது. பிள்ளைகள் பெட்டியை மடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். கப்பல் எழும்பி நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. முதல் கேள்வி வந்தது, பச்சையா மஞ்சளா என்று. அப்போது இருட்டில் அறக்கட்டளைத் தலைவியின் குரல், வகுப்பறைக் கண்டிப்போடு எழுந்தது.

"பசங்களா, ரெண்டும் வேணாம். எல்லாரும் செவப்ப அமுத்துங்க. இன்னா ஆவுதுன்னு பாப்போம்."

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். விளிம்பில் ஒவ்வொன்றாகச் சிவப்பு எரிந்தது. கம்பெனிக்காரர், "வேணாம், மேனுவல், மேனுவல்!" என்று கணினியை நோக்கிக் கை நீட்டினார். அவரோ அந்தக் கைக்கு இடம் விடாமல் தன் இடது கையை விசைப்பலகைமேல் விரித்து வைத்துக்கொண்டார்.

"பசங்களா, கும்பிடறீங்களா, சொல்றீங்களா?"

"சொல்றோம்க்கா!"

"எறங்கிடலாமா?"

எங்கள் பக்கத்தில் 'ஆங்' என்பதை இழுத்துச் சொன்னால் 'என்ன கேட்டாய்?' என்று பொருள். நறுக்கென்று சொன்னால் சம்மதம். பிள்ளைகள் நறுக்கென்று சொன்னார்கள்.

"ஆங்!"

'பெரும்பான்மையினரின் விருப்பப்படி பயணம் இத்துடன் நிறைவடைகிறது. நன்றி.'

விளக்கு எரிந்தது. கறுப்புத் துணியும் காற்று மோட்டாரின் இரைச்சலும்தான் மிச்சம். கம்பெனிக்காரர் அவர் பக்கம் குனிந்தார். "அன்னிக்கு ஜனங்க செவப்ப அமுத்தினப்ப மட்டும் திருப்பிப் போட்டியே? இன்னிக்குப் போட்டா இன்னா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அன்னிக்கு கும்பிட்டாங்க சார். இன்னிக்கு சொன்னாங்க."

பிள்ளைகளுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "அக்கா, இன்னா நெஜமாவே நிறுத்திட்டீங்க?" என்றது ஒன்று. "சனி பாக்கணும்க்கா" என்றது இன்னொன்று. தலைவியைத் திரும்பிப் பார்த்து முறைத்தவர்களும் உண்டு.

"மறுபடி ஏறணும்னா பச்ச அமுத்துங்க" என்று சொல்லி விளக்கை அணைத்தார். பச்சைப் புள்ளிகள் ஒரு வளையமாக எரிந்தன. ஒரே ஓர் இடம் மட்டும் இருட்டாக இருந்தது.

"அம்மா, ஒங்க பொட்டிதான் இன்னும் சொல்லல. அப்பவும் சொல்லல. பசங்களச் சொல்லிட்டு நீங்க அமுத்தவே இல்ல."

"நான் அமுத்தலன்னா இன்னா ஆவும்?" என்றார் தலைவி.

"ஒண்ணும் ஆவாதும்மா, கப்பல் போயிடும். ஆனா ஒங்களையும் கூட்டிகினுதானே போவுது? அதான் கேக்கறேன்."

பிறகு கடைசிப் பச்சைப் புள்ளி எரிந்தது. அன்று கப்பல் பிள்ளைகள் சொன்ன இடத்துக்கெல்லாம் போனது. சனியின் வளையத்தையும் பார்த்தோம், அவர்களாகக் கேட்டதால்.

வெளியே வந்து, செருப்பு விடும் இடத்தில், ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே தலைவி சொன்னார்: "வேற ஊர்ல ஒண்ணு பாத்தேன். எத அமுத்தினாலும் ஒரே எடத்துக்குத்தான் போச்சு. அதனாலதான் செவப்பு." பிறகு அவரிடம் திரும்பி, "இத நாங்க எடுத்துக்கலாம்னு இருக்கோம். நீ இங்கியே இருக்கறியாம்மா?" என்றார்.

"இருப்பாங்க மேடம், கண்டிப்பா இருப்பாங்க" என்றார் கம்பெனிக்காரர்.

"நான் ஒங்களக் கேக்கல."

அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நெஜமாத்தான் கேக்கறீங்களாம்மா? இல்ல, கேக்கணுமேன்னு கேக்கறீங்களா?"

தலைவி, மாட்டிய செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, ஓர் இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடியில் கை கோத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எம் பொண்ண ஒரு வார்த்த கேக்கணும்மா."

"கேளு."

அன்றுதான் முதல் தடவையாக ஆறு மணிக்கு முன்னால் மகளுக்குப் போன் போட்டார். பள்ளி விட்டு வந்திருக்கும் நேரம். "அம்மாதான். இங்கியே வேல குடுக்கறாங்க. தெனம் ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம். வரட்டுமா?"

போனிலிருந்து இழுத்தாற்போல் ஓர் 'ஆங்?' கேட்டது, எனக்கே கேட்டது.

"நான் இன்னும் பைய எங்கியும் கட்டி வைக்கல. வேணாம்னா வேணாம்னு சொல்லு. நெஜமாத்தான் கேக்கறேன்."

காத்திருந்தார். கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவி யாரையும் பார்க்கவில்லை. மேட்டுச் சாலையில் ஒரு பஸ் மலைக்கு ஏறும் சத்தம் கேட்டு அடங்கியது. அவர் விரல், பிடித்து நிறுத்த விசை இல்லாமலேயே, சட்டைப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.

பிறகு வந்தது, நறுக்கென்று. "ஆங்." அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் இன்னும் ஏதோ பேசியது, நீளமாக. அது என்னவென்று எனக்குத் தெரியாது. அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் இப்போது எங்கள் ஊரில் இல்லை. மகள் படிக்கப் போன ஊருக்கு அவரும் போய்விட்டார், இந்தத் தடவை கேட்டுக்கொண்டுதான். கூடாரத்தை வேறு ஒருவர் ஓட்டுகிறார். மலை தெரியும் இடத்தில் படம் இன்னும் நின்றுதான் போகிறது. அந்தப் புதன்கிழமையின் பக்கத்தில், பதிவேட்டில், 'பள்ளிப் பிள்ளைகள் காட்சி, இரண்டு முறை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டது இது: போனை வைத்துவிட்டுத் தலைவியைப் பார்த்து அவர் தலையை ஆட்டவில்லை. வாயைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இருக்கேம்மா" என்றார்.